அலங்காரப் புதர்ச்செடிகளைத் தாக்கும் பூச்சிகளை அடையாளம் காணுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த செம்பருத்தியின் கொழுந்து இலைகள் சில நாள்களுக்குள் சுருண்டு போவதைக் கண்டவுடன், தோட்டக்கலைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து அடிக்கலாம் என்பதுதான். அதற்கு முன்பாக விடை காண வேண்டிய கேள்வி, இந்தச் சேதத்தைச் செய்தது எது என்பதாகும். அது தெரியாமல் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீணாகிறது; சில வேளைகளில் கெடுதலும் செய்கிறது. அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கென்றே உள்ள பாக்டீரிய மருந்து அசுவினியை ஒன்றும் செய்யாது. பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளில் சில, சிலந்திப்பேன்களை விட்டுவிட்டு அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த உயிரிகளை மட்டும் அழித்துவிடுவதால், மருந்து அடித்த பிறகே சிலந்திப்பேன்கள் பெருகிச் செடியை வெளுக்கச் செய்வதும் உண்டு.

ஆகவே இந்தக் கட்டுரை அடையாளம் காணும் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வழி எளிமையானது: முதலில் சேதத்தைக் கூர்ந்து பார்த்து, அதைச் செய்த வாய் கடிக்கும் வாயா உறிஞ்சும் வாயா என்று தீர்மானிக்க வேண்டும், பிறகு அப்படிப்பட்ட பூச்சி ஒளிந்திருக்கக்கூடிய இடத்தில் தேடி, அதை உயிருடன் கண்டு உறுதிசெய்ய வேண்டும். செடியின் மேல் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்திருப்பது மட்டும் அதற்கு எதிரான சான்று ஆகாது. தோட்டத்தில் காணப்படும் பூச்சிகளில் பெரும்பாலானவை செடிக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. பல நன்மை செய்பவை.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று அவசியம். அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவந்து தெளிவு கிடைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் லென்ஸை இலையின் மேல் பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பதால்தான் எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். இதனுடன் ஒரு வெள்ளைத் தாள், ஒரு கைவிளக்கு, ஒளிபுகும் ஒட்டுநாடா, சிறிய கத்தி, குறிப்பேடு ஆகியவை போதும். கைப்பேசியின் ஒளிப்படக் கருவியும் பெரிய உதவி: ஒரே கிளையை வாரம் ஒரு முறை படமெடுத்து வைத்தால், சேதம் பரவுகிறதா, நின்றுவிட்டதா என்பதை நினைவை நம்பாமல் சொல்ல முடியும்.

முதற்படி: செடியின் இயல்பான தோற்றத்தை அறிந்துகொள்ளுதல்

குரோட்டன்ஸ் இலையின் மஞ்சள் புள்ளிகள் அதன் இயல்பு. வேறொரு செடியில் அதே புள்ளிகள் நோயின் அல்லது பூச்சியின் அடையாளம். சில புதர்களின் தண்டில் இயற்கையாகவே காணப்படும் சிறு மேடான சுவாசத் துளைகளைச் செதில்பூச்சி என்று எண்ணிச் சுரண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே அதே வகையைச் சேர்ந்த நலமான ஒரு செடியையோ, அதே செடியின் பாதிக்கப்படாத கிளையையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

செடியின் பெயர் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியலும் சுருங்கிவிடும், ஏனெனில் பல பூச்சிகள் குறிப்பிட்ட குடும்பத்துச் செடிகளையே நாடுகின்றன. அரளியின் தளிரில் கறுப்புக் கால்களுடன் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் கூட்டமாக அமர்ந்திருப்பவை ஏறத்தாழ எப்போதும் அரளி அசுவினிதான். நந்தியாவட்டையிலும் அரளியிலும் வாலில் சிறு கொம்புடனும் தலைக்குப் பின்னால் நீலக் கண் போன்ற இரு புள்ளிகளுடனும் விரல் பருமனில் காணப்படும் பச்சைப் புழு, அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. இவை இரண்டையும் ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இரண்டாம் படி: பூச்சிதான் காரணமா என்று கேட்டுப் பார்த்தல்

பூச்சியால் வரும் சேதம் பொதுவாக ஒழுங்கற்றது. ஓர் இலையில் அதிகமாகவும் அடுத்த இலையில் குறைவாகவும் இருக்கும். ஒரு கிளையில் தொடங்கி மெல்ல மற்றவற்றுக்குப் பரவும். உரக்குறைவும் நீர்ச்சிக்கலும் சீரான வடிவத்தில் வெளிப்படும். இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் எல்லாம் ஒரே மாதிரியாக மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால், அங்கே பூச்சியைத் தேடுவதை விட இரும்புச்சத்துக் குறைவைப் பற்றி யோசிப்பது சரி. மண்ணில் காரத்தன்மை மிகுந்திருந்தால் செடியால் இரும்பை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எல்லா இலைகளின் விளிம்பும் ஒரே அளவில் கருகியிருந்தால் வெயில், உப்பு, நீர்ப்பற்றாக்குறை ஆகியவற்றைப் பாருங்கள்.

ரோஜா இலையில் வெள்ளைப் பொடி தூவியது போல் படர்ந்திருப்பது சாம்பல் நோய் என்னும் பூஞ்சணம். மாவுப்பூச்சியின் வெள்ளையை லென்ஸில் பார்த்தால் அதனடியில் கால்களுள்ள நீள்வட்ட உடல் தெரியும். பூஞ்சணத்தில் உடல் எதுவும் இராது. மல்லிகை இலையிலும் இளந்தண்டிலும் அடர்ந்த வெள்ளை மயிர்ப் படலம் போல் தோன்றுவது இவ்விரண்டிலும் சேராது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒருவகைப் பேன் சாற்றை உறிஞ்சுவதால் செடி தானே வளர்க்கும் மயிர்கள்தான் அவை. பூஞ்சணம் என்று தவறாக முடிவு செய்யப்படும் சேதங்களில் இதற்கு முதலிடம் தரலாம்.

மூன்றாம் படி: வாயின் தடயத்தைப் படித்தல்

இலையின் ஒரு பகுதி காணாமல் போயிருந்தால், அதாவது ஓட்டையோ விளிம்பில் வெட்டோ நரம்பு மட்டும் எஞ்சிய சல்லடையோ தெரிந்தால், கடித்துத் தின்னும் வாயுள்ள பூச்சி வந்திருக்கிறது. இலை முழுமையாக இருந்தும் நிறம் மாறியோ, சுருண்டோ, பிசுபிசுத்தோ இருந்தால் சாறு உறிஞ்சும் வாயைத் தேட வேண்டும். இலையின் இரு தோல்களுக்கும் நடுவே வெளிறிய கோடு ஓடினால், மொட்டில் சிறு துளை இருந்தால், தண்டிலிருந்து மரத்தூள் கொட்டினால், பூச்சி உள்ளே இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெளிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

சாறு உறிஞ்சும் பூச்சிகள்

புதர்ச்செடிகளில் புதியவர்களை மிகவும் குழப்புபவை இவையே என்பதால் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம். இவற்றை இரண்டாகப் பிரிக்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: இலையில் பிசுபிசுப்பு உண்டா, இல்லையா?

செடியின் உணவுக் குழாயில் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றைக் குடிக்கும் பூச்சிகள், அதிலுள்ள சர்க்கரையில் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியாமல் இனிப்பான நீராக வெளியேற்றுகின்றன. இந்தத் தேன்கழிவு கீழுள்ள இலைகளில் விழுந்து ஒட்டும் தன்மையோடு பளபளக்கும். அதன் மேல் கரும்பூஞ்சணம் வளர்ந்து இலையைக் கறுப்பாக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இந்தக் கறுப்பு வந்துவிடும், அடியில் பச்சை இலை இருக்கும்; இலைப்புள்ளி நோயின் கறுப்பு துடைத்தால் போகாது. கழிவு மேலிருந்து கீழே விழுவது என்பதால், கறுத்த இலையில் பூச்சியைத் தேடக் கூடாது. அதற்கு மேலுள்ள இலைகளின் அடிப்புறத்தையும் தண்டையும் பார்க்க வேண்டும். சில நேரங்களில் புதர் நலமாகவே இருக்கும், அதற்கு மேல் கிளை பரப்பிய மரத்திலிருந்து கழிவு விழுந்துகொண்டிருக்கும். தண்டில் எறும்புகள் வரிசையாக மேலேறிக் கொண்டிருந்தால் அவற்றைப் பின்தொடருங்கள். அந்தத் தேன்கழிவுக்காகவே அவை போகின்றன. நேரே பூச்சிக் கூட்டத்தில் கொண்டு சேர்க்கும்.

அசுவினி தளிரையும் மொட்டுக் காம்பையும் விரும்பும். உடல் 1 முதல் 3 மி.மீ. நீளத்தில், பின்புறம் அகன்றும் முன்புறம் குறுகியும், மென்மையாக இருக்கும்; நிறம் பச்சை, மஞ்சள், கறுப்பு, இளஞ்சிவப்பு என எதுவாகவும் இருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாமல், உடலின் பின்பகுதியில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு குழல்களை லென்ஸில் தேடுங்கள். அவை பெரும்பாலான அசுவினிகளில் தெளிவாகத் தெரியும். வேறு பூச்சிகளில் இல்லை. வெப்பமான நாள்களில் பெண் அசுவினிகள் ஆணின்றியே குட்டிகளை ஈனுகின்றன. அக்குட்டிகள் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் தாயாகிவிடுவதால், சென்ற வாரம் கண்ணில் படாதது இந்த வாரம் தளிர் முழுவதும் இருப்பதில் வியப்பில்லை. அசுவினிகள் உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் இலையில் ஒட்டிக் கிடக்கும். அவற்றை வேறொரு வெள்ளைப் பூச்சியாக எண்ண வேண்டாம்.

மாவுப்பூச்சி கணுக்களிலும் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும் பஞ்சு ஒட்டியது போல் தெரியும். செம்பருத்தியின் நுனி இலைகள் குட்டையாகிக் கொத்தாகச் சுருண்டிருந்தால், அந்தக் கொத்தைப் பிரித்து உள்ளே பாருங்கள். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி அங்கேதான் இருக்கும். அதை நசுக்கினால் செந்நிறச் சாறு வரும். பப்பாளியைத் தாக்குவதால் அப்பெயர் பெற்ற மற்றொரு மாவுப்பூச்சியும் செம்பருத்திக்கு வருகிறது. அதன் உடல் மஞ்சள், ஆல்கஹாலில் போட்டால் கருநீலமாக மாறும். வெள்ளைப் பொதி நீண்ட வரிகளோடு பள்ளம் மேடாக இருந்து, அதன் முன்முனையில் செம்பழுப்பு உடல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி ஆகாது. பஞ்சுமெத்தைச் செதில்பூச்சி என்னும் உறவினம். அந்தப் பொதிக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும்.

செதில்பூச்சியைப் பூச்சி என்றே பலர் உணர்வதில்லை, ஏனெனில் வளர்ந்த பெண்பூச்சி நகர்வதில்லை. தண்டிலோ இலை நரம்பிலோ சிறு மேடு போல் ஒட்டியிருக்கும். நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வந்தால் செதில்பூச்சி. தண்டின் பட்டையும் சேர்ந்து கிழிந்தால் அது செடியின் பகுதி. அடுத்து, பெயர்ந்தது ஓடு மட்டுமா, உடலும் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஓடு தனியாக வந்து மென்மையான உடல் செடியிலேயே தங்கினால் அது கவச வகை. ஓடும் உடலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக வந்தால் மென்செதில் வகை. இந்த வேறுபாடு வெறும் ஆர்வத்துக்கு உரியதன்று: மென்செதில் தேன்கழிவு விடும், கவசச் செதில் விடாது. எனவே இலைகள் மஞ்சளாகிக் கிளை காய்ந்தும் பிசுபிசுப்பே இல்லையென்றால் கவசச் செதிலை மறந்துவிடக் கூடாது.

செத்த செதில்பூச்சியின் ஓடும் பல மாதங்கள் செடியிலேயே ஒட்டியிருக்கும் என்பதால், சிலவற்றை நசுக்கிப் பாருங்கள். ஈரம் வந்தால் உயிருள்ளது, உலர்ந்த தூளானால் தாக்குதல் ஏற்கெனவே முடிந்துவிட்டது. முட்டையிலிருந்து வெளிவந்து நடமாடும் குஞ்சுகள் மிகச் சிறியவை. இருபுறமும் ஒட்டும் நாடாவைக் கிளையில் சுற்றி வைத்துச் சில நாள்களுக்கு ஒரு முறை லென்ஸில் பார்த்தால், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக அவை ஒட்டியிருப்பது தெரியும். ஓடு உருவாகும் முன் உள்ள அந்தப் பருவமே அவை எளிதில் அழியக்கூடிய காலம்.

வெள்ளை ஈயை அறிய செடியை ஒரு முறை அசைத்தால் போதும். இலையடியிலிருந்து 1 முதல் 2 மி.மீ. அளவுள்ள வெண்மையான சிற்றுயிர்கள் மேகமாகப் பறந்து மீண்டும் வந்து அமரும். பறப்பவை மட்டுமே சேதம் செய்பவை என்று எண்ணாமல், இலையடியில் அசையாமல் ஒட்டியிருக்கும் தட்டையான நீள்வட்டக் குஞ்சுகளையும் பாருங்கள். சுருள் வெள்ளை ஈ தன் முட்டைகளைச் சுருள் கோடுகளாக மெழுகுத் துகளோடு இடும். அந்த வளையங்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பிசுபிசுப்பு இல்லாதவை. இவை இலையின் மேல்தளச் செல்களைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சுவதால், இலையில் வெளிறிய புள்ளிகளோ வெள்ளி நிறக் கீறல்களோ தோன்றும். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பதே இங்கு முடிவைத் தரும். கறுப்பான, காய்ந்த வார்னிஷ் சொட்டுகள் போன்ற எச்சங்கள் இருந்தால் இலைப்பேன் அல்லது வலைப்பின்னல் இறக்கைப் பூச்சி. எச்சம் இல்லாமல் நுண்ணிய நூல்வலையும் உரித்த தோல்களும் இருந்தால் சிலந்திப்பேன்.

இலைப்பேன் 1 முதல் 2 மி.மீ. நீளமுள்ள மெல்லிய குச்சி போன்றது. அதன் இறக்கைகளின் ஓரத்தில் மயிர்க் குஞ்சம் இருக்கும். ரோஜா மொட்டு சரியாக விரியாமல் இதழ்களின் ஓரம் பழுப்பேறியிருந்தால், அந்தப் பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். வெளிர்மஞ்சள் குஞ்சுகளும் பழுப்பு நிற வளர்ந்தவையும் விழுந்து ஓடும். வெள்ளை, இளமஞ்சள் பூக்களில் இந்தச் சேதம் முதலில் கண்ணில் படும். வேலியாக வளர்க்கப்படும் அத்தியினப் புதர்களில் இளம் இலை நடுநரம்பில் மடிந்து, செந்நீலப் புள்ளிகளோடு பொதி போல் மூடியிருந்தால், பிரித்துப் பார்க்கையில் உள்ளே கறுப்பு இலைப்பேன்கள் கூட்டமாக இருக்கும்.

வலைப்பின்னல் இறக்கைப் பூச்சியின் ஒளிபுகும் இறக்கையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். அசேலியா இதற்குப் பெயர்போன இரை. சிலந்திப்பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததே அன்று. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள் உண்டு, அரை மி.மீ. அளவே இருக்கும். இலையைத் தாளின் மேல் தட்டிச் சற்றுப் பொறுங்கள்: நகரத் தொடங்கும் புள்ளிகளே பேன்கள், நகராதவை தூசி. வறண்ட வெப்பக் காலத்திலும் தூசி படியும் இடங்களிலும் இவை மிகுகின்றன. இது பூச்சியா, பேனா என்று பிரித்தறிவதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், பூச்சிக்கான பல மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை என்பதும், முன்பு சொன்னபடி தொல்லையைப் பெருக்கக்கூடும் என்பதுமே.

தத்துப்பூச்சியை நெருங்கினால் நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபுறம் ஒளியும். இலை விளிம்பு மஞ்சளாகிக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ மடிவது அதன் அடையாளம்.

கடித்துத் தின்பவை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஓட்டையின் வடிவம், அடுத்து எச்சம். புழுக்கள் தின்ற இடத்துக்குக் கீழே உள்ள இலையிலோ தரையிலோ உருண்டை உருண்டையாகக் கரும்பச்சை எச்சம் கிடக்கும். அது ஈரமாகவும் பசுமையாகவும் இருந்தால் புழு இன்னும் மேலே இருக்கிறது. காய்ந்து பழுப்பாகியிருந்தால் அது கூட்டுப்புழுவாக மாறப் போய்விட்டிருக்கலாம். காகிதப்பூச் செடியின் இலை விளிம்புகள் அலையலையாகத் தின்னப்பட்டும் பகலில் எதுவும் தென்படாவிட்டால், இரவில் கைவிளக்குடன் வந்து பாருங்கள். குச்சி போல் நீட்டி நிற்கும் வளைபுழுக்கள் பகலில் தண்டோடு தண்டாக மறைந்திருந்து இருட்டில்தான் தின்கின்றன.

இலை விளிம்பில் சிறு சிறு அரைவட்டக் கடிகள் வரிசையாக இருந்தால் கூன்வண்டின் வேலை. நீண்ட மூக்குள்ள இந்த வண்டுகள் செடியை அசைத்தவுடன் செத்தது போல் கீழே விழும் என்பதால், செடிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு அசைப்பது நல்லது. நரம்புகள் மட்டும் எஞ்சிய சல்லடை இலை வண்டுகளையும் சிறு புழுக்களையும் குறிக்கும். 1916-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய வண்டு, அந்நாட்டு ரோஜாத் தோட்டங்களில் இவ்வகைச் சேதத்துக்கு முதன்மையான காரணமாக உள்ளது. உலோகப் பச்சைத் தலையும் செம்பு நிற இறக்கை மூடிகளும் வயிற்றின் பக்கங்களில் வெள்ளை மயிர்த் திட்டுகளும் அதன் அடையாளம். ஓட்டைகளுக்கு அருகில் பளபளக்கும் காய்ந்த சளிக்கோடு இருந்தால் நத்தையைத் தேடுங்கள், பூச்சியை வேண்டாம்.

ரோஜாவில் காணும் பச்சைப் புழுக்கள் எல்லாமே அந்துப்பூச்சியின் புழுக்கள் அல்ல. வயிற்றுப் பகுதியிலுள்ள சதைக் கால்களை எண்ணிப் பாருங்கள். முன்புறத்தின் மூன்று இணை உண்மைக் கால்களை விட்டுவிட்டு எண்ணினால், பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் புழுக்களுக்கு அதிகமாக ஐந்து இணைகளே இருக்கும். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அது குளவிகளுக்கு உறவான ரம்பக்குளவியின் புழு. தொடக்கத்தில் குறிப்பிட்ட பாக்டீரிய மருந்து முதல் வகையை மட்டுமே கொல்லும், இரண்டாவதை ஒன்றும் செய்யாது. ஒரு நிமிடம் செலவிட்டு எண்ணியவர் பயனற்ற தெளிப்பிலிருந்து தப்பிக்கிறார்.

ரோஜா இலையின் ஓரத்தில் கருவி வைத்து வெட்டியது போல் துல்லியமான வட்டத் துண்டுகள் காணாமல் போயிருந்தால், தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள். அது இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுகளின் அறைகளுக்குச் சுவர் அமைக்க எடுத்துச் சென்றது. அது இலையைத் தின்பதில்லை, செடிக்கும் குறிப்பிடத்தக்க கேடு இல்லை, பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும் நல்ல உழைப்பாளி அது.

உள்ளே ஒளிந்திருப்பவை

இலைத்துளைப்பானின் கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோடு குறுகலாகத் தொடங்கிப் புழு வளர வளர அகன்றுகொண்டே போகும். அகன்ற முனையில் புழு நிழலாகத் தெரிந்தால் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது, வெற்றுக் கோடாக இருந்தால் அது வெளியேறிவிட்டது.

மொட்டுகள் உதிரும்போது, உதிர்ந்த மொட்டை அறுத்துப் பார்ப்பதே ஒரே வழி. மல்லிகை மொட்டில் வட்டத் துளையும் நூலிழையும் கறுப்புத் தலையுள்ள வெளிர்பச்சைப் புழுவும் இருந்தால் மொட்டுப்புழு. மொட்டின் அடிப்பகுதி வீங்கி ஊதா நிறமேறி, உள்ளே கால்களற்ற மிகச் சிறிய வெண்மையான புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. செம்பருத்தி மொட்டு மஞ்சளாகி உதிர்வதற்கும் இதே ஈ காரணமாகலாம். வெளியே எடுத்து வைத்தால் அதன் புழுக்கள் துள்ளிக் குதிக்கும். அறுத்த மொட்டில் எதுவுமே இல்லையென்றால் நீர்ப்பாய்ச்சலின் ஒழுங்கின்மை, திடீர் வெப்பம் ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்.

ஒரு கிளை மட்டும் வாடித் தொங்கினால், வாடிய பகுதிக்கும் நலமான பகுதிக்கும் இடையிலுள்ள எல்லையில் துளையையும் மரத்தூளையும் தேடி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பட்டையின் மேல் எச்சமும் மரத்தூளும் நூலால் பிணைந்து நாடா போல் ஓடினால் பட்டைப்புழு. பகலில் துளைக்குள் தங்கி இரவில் அந்த மறைப்பின் அடியிலேயே வந்து பட்டையைத் தின்னும். மண் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் வாடினால் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பழுப்புத் தலையும் மூன்று இணைக் கால்களும் கொண்டு வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு வேர்ப்புழு; கால்களே இல்லாதது கூன்வண்டின் புழு; வேரில் பஞ்சுத் திட்டுகள் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணில் எப்போதாவது ஒன்றிரண்டு வேர்ப்புழு இருப்பது இயல்பு, அதற்காகப் பதற வேண்டியதில்லை.

நண்பர்களைப் பகைவராக எண்ணிவிடாதிருத்தல்

அசுவினிக் கூட்டத்தின் நடுவே கருஞ்சாம்பல் உடலில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, ஆறு கால்களால் விரைந்து ஊர்ந்து திரியும் நீண்ட உயிர் பொறிவண்டின் புழு. பொறிவண்டை அறிந்தவர்களும் அதன் புழுவை அறியாமல் கொன்றுவிடுகிறார்கள், பசியில் புழுவும் வண்டுக்கு இளைத்ததன்று. அதே இடத்தில் காலற்று, ஒரு முனை கூர்மையாக நெளிவது மலர் ஈயின் புழு. மெல்லிய இழைக்காம்பின் நுனியில் தனித்தனியே நிற்கும் முட்டைகள் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. இவை மூன்றும் அசுவினியைத் தின்பவை. அசுவினிகளில் சில உப்பிப் பழுப்பு நிறத் தாள்போல் மாறி, முதுகில் வட்டத் துளையோடு இருந்தால், ஒட்டுண்ணிக் குளவி தன் வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

மிகவும் ஏமாற்றுவது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. அதன் உடல் முழுவதும் வெள்ளை மெழுகு இழைகள் இருப்பதால் பெரிய மாவுப்பூச்சி என்றே தோன்றும். அது மாவுப்பூச்சியை விடப் பெரியது, 1 செ.மீ.க்கு மேலும் வளரும், இழைகள் நீண்டு ஒழுங்கற்றிருக்கும்; தொட்டால் விரைந்து நகரும். மாவுப்பூச்சி அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. இப்படிப்பட்ட உயிர்களின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவின் எலுமிச்சையினத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுமெத்தைச் செதில்பூச்சியை, 1888-இல் தொடங்கி ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வேடாலியா என்னும் பொறிவண்டு ஓரிரு ஆண்டுகளில் அடக்கியதைச் சொல்லலாம்.

இறுதிப் படி: உறுதிசெய்து பதிவு செய்தல்

ஒரு முடிவுக்கு வருமுன் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்: இந்தச் சேதத்தை இந்த வாயால் செய்ய முடியுமா, இந்தப் பூச்சி இந்தச் செடிக்கு வரக்கூடியதா, அது இப்போது உயிருடன் இருக்கிறதா? மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மீண்டும் தேட வேண்டும். செடியின் நான்கு பக்கங்களிலிருந்தும், மேல், நடு, அடி ஆகிய உயரங்களிலிருந்தும் சில இலைகளை எடுத்துப் பூச்சியுள்ளவை எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். நண்பர்களின் எண்ணிக்கையையும் அதனருகில் குறியுங்கள். அடுத்த வாரம் அதே முறையில் எண்ணினால், தொல்லை கூடுகிறதா, தானாகவே அடங்குகிறதா என்பது தெரியும்.

உங்களால் அடையாளம் காண முடியாததை, வேளாண் பல்கலைக்கழகம் அல்லது தோட்டக்கலைத் துறையில் உள்ள பூச்சியியல் அறிஞரிடம் கொண்டுசெல்ல விரும்பினால், மாதிரியைச் சரியாக எடுங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்பேன், புழு போன்ற மென்மையான உடலுள்ளவற்றை 70 சதவீத ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் இட வேண்டும். அந்துப்பூச்சியை ஒருபோதும் திரவத்தில் இடாமல், உலர்ந்த பெட்டியில் உறைபெட்டியில் வைத்துக் கொல்ல வேண்டும். செதில்பூச்சியைத் தண்டிலிருந்து பிரிக்காமல் கிளைத் துண்டோடு தாள் உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கி எல்லாம் அழுகிவிடும். ஒன்றிரண்டுக்குப் பதில் பல பூச்சிகளை, முடிந்தால் வெவ்வேறு வளர்ச்சிப் பருவங்களில் எடுப்பதும், சேதமடைந்த இலையையும் உடன் வைப்பதும் நல்லது. குப்பிக்குள்ளேயே ஒரு சிறு தாளில் பென்சிலால் செடியின் பெயர், செடியின் எந்தப் பகுதியில் இருந்தது, எடுத்த நாள், கடைசியாகத் தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றை எழுதிப் போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.